இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஃபிராங்க்ளின்,

ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய அடுகோடிக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று உன் அக்கா ஆஞ்சலா கேட்கிறாள். போனில் நீ பேசுகிறாய், நான் ‘ம்’ சொல்கிறேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல நினைத்தது என்ன என்பது நினைவுக்கு வருகிறது. இந்த விஷயத்தில் என்னுடைய ‘ம்’ ஏற்கெனவே போதுமான கெடுதல் செய்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை சந்திரம்மா என்றொரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். உன் பள்ளி வேன் டிரைவர் கோவிந்தனின் மனைவி. கையில் உன் விசாரணைக் குறிப்பின் நகல், அதோடு டிராக்கர் காகிதத்தின் நகலும். வாசலில் நின்றபடியே கேட்டார்:

“அய்யா, என் வூட்டுக்காரரு பாலம் ஏறினத நீங்க பாத்தீங்களாமே?”

“நான் பார்க்கவில்லையே அம்மா” என்றேன்.

“படத்துல பாத்ததா எழுதிக்கீறாங்க. எந்தப் படத்துல அய்யா? அவரு எந்தப் படத்துலயும் நடிக்கலியே.”

ஆஞ்சலா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறிப்பில் நீ எழுதியிருப்பது இது: ‘ஜூலை 22 அன்று ஓட்டுநர் கோவிந்தன் குழந்தைகளுடன் மேம்பாலத்தில் ஏறி, இருபத்திரண்டு நிமிடம் அதிலேயே ஓட்டி, பிறகு இறங்கியிருப்பது வண்டியின் டிராக்கர் வரைபடத்திலிருந்து தெளிவாகிறது. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் திரு. தியோடர் அவர்கள் இதைப் பார்வையிட்டு உறுதி செய்தார்.’

முதலில், நான் பேராசிரியர் இல்லை. விரிவுரையாளராகச் சேர்ந்தேன், விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றேன். இரண்டாவது, நான் உறுதி செய்யவில்லை. ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒரு காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டி, “பாருங்க அத்தான், எப்படி ஏறியிருக்கான், மேலேயே ஓட்டியிருக்கான், எறங்கியிருக்கான்” என்றாய். என் வாயில் பிரியாணி இருந்தது. ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’முக்கு, கேட்டேன், மென்றுகொண்டிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. ஆனால் வாயில் இருந்ததை விழுங்கிய பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பங்கு என்னுடையது.

இப்போது சொல்கிறேன். தமிழில் மேப்புக்கும் வரைபடம் என்கிறோம், கிராஃபுக்கும் வரைபடம் என்கிறோம். கன்னடத்திலும் இரண்டுக்கும் நக்ஷெதான். அதனால் உன்மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். ஆனால் உன் கையில் இருப்பது கிராஃப். அதில் கோடு மேலே போவதால் வண்டி மேட்டில் ஏறியது என்று ஆகாது. கீழே வருவதால் இறங்கியது என்றும் ஆகாது. கிடைமட்டமாக நேரம், செங்குத்தாகத் தூரம். நேரம் போகப் போகத் தூரம் கூடினால் கோடு ஏறும். நேரம் போயும் தூரம் மாறாவிட்டால் கோடு படுத்திருக்கும். அதாவது வண்டி நின்றிருந்தது. மூன்று ஐம்பத்தைந்திலிருந்து நான்கு பதினேழு வரை வண்டி நின்றிருக்கிறது. எந்தப் பாலத்திலும் ஏறவில்லை. இது நிச்சயம்.

குறிப்பைத் திருத்தி, கோவிந்தனின் சஸ்பென்ஷனை ரத்து செய்துவிடு.

அன்புடன்,
தியோடர்

---

அடுகோடி
7 ஆகஸ்ட் 2025

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்தில் வந்ததற்கு எழுத்தில்தான் பதில், ஃபைலுக்கு வேண்டும். அதற்காகத்தான் இது. மற்றபடி எனக்கும் கடிதம் எழுத நேரமில்லை. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு எண்ணூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் விளக்கம் மிகத் தெளிவு. பாலத்தில் ஏறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பள்ளி வேன் எந்த ஃப்ளைஓவரிலும் ஏறக்கூடாது என்ற என் சர்க்குலரை அவன் மீறவில்லை. அந்தக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக இன்று புதிய குற்றச்சாட்டு கொடுத்திருக்கிறேன். ஆறு குழந்தைகளை வண்டிக்குள் வைத்துக்கொண்டு, மழையில், நடுரோட்டில், இருபத்திரண்டு நிமிடம் வண்டியை நிறுத்தியிருக்கிறான். எங்கே போனான், டீ குடித்தானா, தூங்கினானா, யாரைப் பார்த்தான்? பாலத்தில் ஏறியிருந்தால் ஒரு வார்னிங்கோடு விட்டிருப்பேன். இதற்கு டிஸ்மிசல்தான். உங்கள் கடிதத்தை ஆதாரமாக ஃபைலில் சேர்த்திருக்கிறேன். ‘இது நிச்சயம்’ என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

நீங்கள் வருத்தப்படவும் தேவையில்லை. அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். விசாரணையில் நான் கேட்டேன், அவன் பதில் சொன்னான், நானே எழுதினேன்: ‘அந்த நேரத்தில் நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.’ பெருவிரலோ கீறலோ இல்லை, முழுக் கையெழுத்து.

புகார் கொடுத்த மஞ்சுநாத் சாதாரண ஆள் இல்லை, கமிட்டியில் பெற்றோர் பிரதிநிதி. மூன்று நாற்பத்தைந்துக்கு பி.டி.எம். லேஅவுட்டில் இறங்க வேண்டிய அவர் மகள் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாக, அழுதுகொண்டே இறங்கியிருக்கிறாள். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கமிட்டி. அன்றே முடிவு.

உங்கள் உதவிக்கு நன்றி. அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஃபிராங்க்ளின்
தாளாளர்

---

ஆஸ்டின் டவுன்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஃபிராங்க்ளின்,

உன் கடிதத்தை ஆஞ்சலாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வாயைத் திறக்காம இருந்தீங்க, ஒரு வார்னிங்கோட போயிருக்கும். திறந்தீங்க, வேலையே போச்சு” என்றாள். இரண்டு நாளாக வேறு எதுவும் பேசவில்லை. பேசாதது கோபத்தினாலா, நான் தொந்தரவில்லாமல் யோசிக்கட்டும் என்பதற்காகவா, தெரியவில்லை.

நான்தான் கோவிந்தனை வரச் சொன்னேன். ஆளைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே இரண்டு முறை தீர்ப்பு சொல்லிவிட்டேன் என்ற உறுத்தல். வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “எங்கே நிறுத்தினீர்கள்?” என்று கேட்டேன்.

“எங்கியும் நிறுத்தல சார். சுத்திக்கினு போனேன்.”

“சுற்றிக்கொண்டிருந்தீர்களா?”

“அய்யோ, நீங்களுமா சார்? சுத்திக்கினு *இருக்கல*. சுத்திக்கினு *போனேன்*. டெய்லி ஈஜிபுராவுல மூணு பேர எறக்கிட்டு, திரும்பி இப்டி உள்ளாற வந்து, ஓசூர் ரோடு புடிச்சு பி.டி.எம். போவேன். அன்னிக்கு உள்ளாற வர்ற ரோட்டுல மொணகாலுக்கு மேல தண்ணி. வண்டிய வுட்டா நின்னுடும். அதான் கோரமங்களா, மடிவாளான்னு வெளியவே சுத்திக்கினு பி.டி.எம். போய்ட்டேன். கரெஸ்பாண்டென்ட் சாரு ‘சுத்தினியா?’ன்னாரு. ‘ஆமா சார், சுத்தினேன்’ன்னேன். சுத்தினத சுத்தலன்னா சொல்ல முடியும்?”

ஃபிராங்க்ளின், அவர் சொன்னதற்கும் நீ எழுதியதற்கும் நடுவில் ஒரு சொல்தான் வித்தியாசம். ‘சுற்றிப் போனேன்’ என்றால் வேறு வழியாகப் போனேன். ‘சுற்றிக்கொண்டிருந்தேன்’ என்றால் வேலையை விட்டு ஊர் சுற்றினேன். கையெழுத்துப் போட்டாரே என்கிறாய். நீ வேகமாக வாசித்துக் காட்டியிருப்பாய். அவர் காதில் அவருடைய சொல்லே விழுந்திருக்கும்.

ஆனால் இப்போது எனக்குப் பெரிய சிக்கல். அவர் ஓட்டிக்கொண்டே இருந்தேன் என்கிறார். கோடு படுத்திருக்கிறது. அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. கோடும் பொய் சொல்லாது. அப்படியானால் நடுவில் நின்று பொய் சொன்னது யார்? நானாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன்.

ஒன்று உறுத்துகிறது. கோடு கடைசியில் இறங்கி, நான்கு ஐம்பத்தைந்துக்குப் பூஜ்யத்தைத் தொடுகிறது. வண்டி ஓடிய தூரம் எப்படிக் குறையும்? ஓடினால் கூடும், நின்றால் அப்படியே இருக்கும், குறையவே முடியாது. முதல் கடிதம் எழுதும்போது இதை நான் கவனித்தேனா, கவனித்தும் தாண்டிப் போனேனா என்று நினைவில்லை. கவனிக்கவில்லை என்று எழுதினால் என் படிப்புக்கு அவமானம், கவனித்தேன் என்று எழுதினால் என் நேர்மைக்கு. எது உண்மையோ அதை வைத்துக்கொள்.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும்.

அந்தக் காகிதத்தில் செங்குத்துக் கோட்டருகில் கன்னடத்தில் ‘தூர’ என்று மட்டும் இருக்கிறது. அது வண்டி *ஓடிய* தூரமா, பள்ளியிலிருந்து வண்டி *இருக்கும்* தூரமா என்று டிராக்கர் கம்பெனியைக் கேட்டுச் சொல். முடிந்தால் வண்டி போன பாதையின் மேப்பையும் வாங்கு.

அன்று ஈஜிபுராவில் கடைசிக் குழந்தை இறங்கிய நேரம் என்ன, பி.டி.எம்.மில் மஞ்சுநாத்தின் மகள் இறங்கிய நேரம் என்ன? வேனில் போகும் ஆயா இறங்கும் நேரத்தை எழுதி வைக்கிறாராமே.

தயவுசெய்து, 22ஆம் தேதிக்கு முன்.

தியோடர்

---

அடுகோடி
13 ஆகஸ்ட் 2025

அத்தான்,

ரிஹர்சலுக்கு நடுவில் எழுதுகிறேன். பேண்டு வாத்தியம் காதைப் பிளக்கிறது.

முதல் கடிதத்தில் ‘நிச்சயம்’. இரண்டாவதில் ‘சந்தேகம்’. இதே மாதிரிதான் அக்காவைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் பதில் சொல்ல நான்கு மாதம் எடுத்துக்கொண்டீர்கள். அப்பா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். மேப் எல்லாம் ஏழு நாள்தான் இருக்குமாம், தானாகவே அழிந்துவிடுமாம். மிச்சம் இருப்பது இந்த ஒரு ஷீட் மட்டும். ‘தூர’ என்றால் எந்தத் தூரம் என்று கேட்டேன். “டிஸ்டன்ஸ் சார்” என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன். “தூரம்னா தூரம்தானே சார்” என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒரு சொல்லுக்குள் புகுந்துகொண்டு நீங்கள் வெளியே வரமாட்டேன் என்கிறீர்கள்.

ஆயா நோட்டில்: ஈஜிபுரா 3.55. பி.டி.எம். 4.17. தாமதம் தாமதம்தான், பார்த்துக்கொள்ளுங்கள். இதுவும் ஃபைலில் போகிறது.

‘சுற்றி’ விஷயம்: நான் தமிழ் வாத்தியார் இல்லை. அவன் சொன்னதை எழுதினேன்.

அக்கா நேற்று போன் செய்து, “சம்பளம் வாங்குற உன் மூணு ஃபிஸிக்ஸ் டீச்சருங்க என்ன பண்ணிக்கிட்டிருக்காங்க?” என்று கேட்டாள். அவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குவதால்தான் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். நீங்கள் வாங்காததால் என் உயிரை எடுக்கிறீர்கள். அக்காவை இதில் நுழைய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் 22ஆம் தேதி கமிட்டி முன்னால் வந்து நின்று சொல்லுங்கள். நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஃபிராங்க்ளின்

---

ஆஸ்டின் டவுன்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஃபிராங்க்ளின்,

நான் தவறு செய்துவிட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நான்கு தாள்களைக் கிழித்த பிறகு முடிவு செய்தேன்.

கோடு படுத்திருந்தால் வண்டி நின்றிருந்தது என்று எழுதினேன். அது ‘ஓடிய தூரம்’ என்றால்தான் சரி. கோடு கடைசியில் இறங்குவதால் அது ஓடிய தூரமாக இருக்கவே முடியாது. பள்ளியிலிருந்து வண்டி எவ்வளவு *தூரத்தில்* இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. திரும்பி வரவர அந்தத் தூரம் குறையும், பள்ளிக்குள் நுழைந்ததும் பூஜ்யம். ‘தூரம்’ என்று எழுதியிருந்ததை நான் என் பழக்கத்தில் வாசித்தேன். ‘தூரத்தில்’ என்று வாசித்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருடம், தாளில் அச்சுக்களின் பெயரை முதலில் படியுங்கள், பிறகு கோட்டைப் பாருங்கள் என்று வகுப்பில் கத்தியிருக்கிறேன். கத்தியிருக்கிறேன் என்பது மிகை, என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டியதில்லை.

பள்ளியிலிருந்து இருக்கும் தூரம் மாறவில்லை என்றால் வண்டி நின்றிருந்தது என்றே ஆகிவிடாது. முந்தாநாள் உன் மைதானத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் அணிவகுத்தார்கள் அல்லவா? கொடிக்கம்பத்திலிருந்து அவர்கள் இருந்த தூரம் ஒரு சுற்று முழுவதும் மாறியிருக்காது. அதற்காக, வியர்த்துப்போய் நிற்கும் பிள்ளையிடம் “நீ நின்றுகொண்டுதானே இருந்தாய்?” என்று கேட்பாயா? அந்தத் தூரத்தை கிராஃபில் போட்டால் படுத்த கோடுதான் வரும்.

நகரத்தின் மேப் ஒன்று வாங்கினேன். காம்பஸின் முள்ளை அடுகோடியில், உன் பள்ளியின் மேல் குத்தி, கிராஃபில் உள்ள இரண்டரை கிலோமீட்டரை அளவாக எடுத்து ஒரு வட்டம் போட்டேன். வட்டம் ஈஜிபுராவைத் தொட்டது. கோரமங்களாவுக்குள் புகுந்தது. மடிவாளாவைத் தொட்டது. பி.டி.எம்.முக்கு மிக அருகில் போனது. ஃபிராங்க்ளின், கோவிந்தன் என் வரவேற்பறையில் நின்றபடி கையால் காற்றில் வரைந்து காட்டினாரே, அதே சுற்று. கிராஃப் வேறு, மேப் வேறு என்று உனக்குப் பாடம் எடுத்தவன், கடைசியில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இருந்தாலும் என்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேற்று கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டோவில் ஈஜிபுராவிலிருந்து அதே வழியில் பி.டி.எம். போனேன். மீட்டரில் நான்கு கிலோமீட்டரும் கொஞ்சமும். மழை இல்லாமல் பதினாறு நிமிடம். மழையோடு இருபத்திரண்டு நிமிடம் ஒன்றும் அதிகமில்லை. வழியில் ஆட்டோக்காரர் கோவிந்தனிடம் “பெரியவருக்கு என்ன ஆச்சு, வெளிய பாக்காம வாட்சையே பாத்துக்கினு வராரு?” என்று கேட்டார். “கோர்ட்டு கேஸு” என்றார் கோவிந்தன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடு. நீயே அனுப்பிய இரண்டு நேரங்கள் போதும். படுத்த கோடு ஆரம்பிப்பது 3.55க்கு, அப்போது வண்டி ஈஜிபுராவில் குழந்தையை இறக்கியது. முடிவது 4.17க்கு, அப்போது வண்டி பி.டி.எம்.மில் மஞ்சுநாத்தின் மகளை இறக்கியது. இருபத்திரண்டு நிமிடமும் வண்டி ஓரிடத்தில் நின்றிருந்தால், அந்தக் குழந்தை நான்கு கிலோமீட்டர் நடந்தா போனாள்? இதை நீ தாமதத்துக்கு ஆதாரம் என்று ஃபைலில் வைத்திருக்கிறாய். அவர் நிற்கவில்லை என்பதற்கும் அதுதான் ஆதாரம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் வண்டியின் கிலோமீட்டர் எண் காலையும் மாலையும் எழுதப்படும் டிரிப் ஷீட்டைப் பார். நின்ற வண்டிக்கு எண் கூடாது.

என் முதல் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுக்கச் சொல்ல மாட்டேன். அதன் மேல் இதை வை.

தியோடர்

---

அடுகோடி
20 ஆகஸ்ட் 2025

அத்தான்,

டிரிப் ஷீட் பார்த்தேன். நானே பார்த்தேன், கிளார்க்கிடம் சொல்லவில்லை. மற்ற நாட்களைவிட அன்று ஒன்றரை கிலோமீட்டர் அதிகம். கொடிக்கம்பத்தையும் போய்ப் பார்த்தேன், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. சரி, வண்டி ஓடியிருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். மூன்று வாரத்தில் ஒரே காகிதத்தை வைத்து முதலில் பாலம், அப்புறம் டீக்கடை, இப்போது வட்டம். கமிட்டி என்னைப் பார்த்துச் சிரிக்காதா? தாளாளர் வாய்க்கு வந்தபடி எழுதுகிறார் என்று ஆகாதா? மஞ்சுநாத் ஏற்கெனவே ஒரு மாதிரி பார்க்கிறார்.

அதனால் எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தீர்மானம் இப்படி இருக்கும்: ‘வரைபடத்தின் அச்சுக் கோளாறினால் சில விவரங்கள் தெளிவாக இல்லாததாலும், ஓட்டுநர் தன் தவறுக்கு வருத்தம் தெரிவிப்பதாலும், அவருடைய குடும்பச் சூழலை முன்னிட்டுக் கருணை அடிப்படையில் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்.’ அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. உங்கள் ‘நிச்சயம்’ காப்பாற்றப்படுகிறது. என் மானமும்.

அச்சுக் கோளாறு இருந்தது என்று ஒரு வரி எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். ஆள் அனுப்புகிறேன். நீங்கள் வரக்கூட வேண்டாம். உங்களுக்கு நான்கு பேர் முன்னால் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாதா எனக்கு? உங்கள் கல்யாணத்தில் நன்றியுரையை நான்தானே சொன்னேன்.

ஃபிராங்க்ளின்

---

ஆஸ்டின் டவுன்
21 ஆகஸ்ட் 2025

ஃபிராங்க்ளின்,

நீ அனுப்பிய ஆளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

அச்சில் கோளாறு இல்லை. அச்சு மிகத் தெளிவு. கோளாறு முதலில் உன் வாசிப்பில், பிறகு என் வாசிப்பில். அப்படியே எழுது. நான் தவறாக வாசித்தேன் என்று எழுதுவதில் எனக்குச் சிரமம் உண்டு, ஆனால் அது என் சிரமம். அதைக் கோவிந்தன் தலையில் கட்ட முடியாது.

எந்தத் தவறுக்கு அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும்? வெள்ளத்தில் குழந்தைகளை இறக்கிவிடாமல் சுற்றிக் கூட்டிப் போய் வீட்டில் சேர்த்ததற்கா? கருணை என்று நீ எழுதினால், தவறு செய்தவனை மன்னித்தோம் என்றுதான் அதற்குப் பொருள். நாளைக்கு அவர் வேறு பள்ளிக்குப் போனால் அந்த ஃபைல்தான் பேசும். ‘சுற்றிக்கொண்டிருந்தேன்’ என்ற வரியும் அப்படியே கிடக்கும். நேற்று சந்திரம்மா போனில் சொன்னார்: “வேலை போனா வேற வேலை பாத்துக்குவாரு அய்யா. ஊர் சுத்தினவன்னு எழுதி வெச்சா எவன் சாவி குடுப்பான்?” நான் ‘ம்’ என்றேன். இந்த முறை ஒப்புக்கொண்டு சொன்னேன்.

மூன்று திருத்தம் வேண்டும். ‘சுற்றிக்கொண்டிருந்தேன்’ என்பது ‘மழைநீர் காரணமாகச் சுற்றுவழியில் போனேன்’ என்று ஆக வேண்டும். ‘வருத்தம்’, ‘கருணை’ இரண்டு சொற்களும் போக வேண்டும். வரைபடத்தைத் தவறாக வாசித்தவர்கள் பெயர் போட்டு இருக்க வேண்டும். என் பெயரை முதலில் போடு, எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதற்கு நீ சம்மதித்தால் நான் வரத் தேவையில்லை, அதுவே எனக்கு நிம்மதி. சம்மதிக்காவிட்டால் நாளை பத்து மணிக்கு வருகிறேன். மஞ்சுநாத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் சொல்ல வேண்டியதைக் கன்னடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மேப்பையும் காம்பஸையும் கொண்டுவருவேன். என் குரல் நடுங்கினால் ஆஞ்சலா வாசிப்பாள் என்கிறாள். அவள் வாசித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

தியோடர்

---

அடுகோடி
23 ஆகஸ்ட் 2025

அத்தான்,

வந்தீர்கள். பேசினீர்கள். பேசி முடித்து உட்காராமல், முடிவு என்ன என்றுகூடக் கேட்காமல், மேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். காம்பஸ் இங்கே கிடக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப் பாதியில் போகிறவரை நான் பார்த்ததில்லை. அதனால் நடந்ததை எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் போன பிறகு மஞ்சுநாத் ஒரு நிமிடம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேசையைத் தட்டினார். “எஷ்டு தூர ஹோய்து அல்லா, எஷ்டு தூரதல்லி இத்து!” என்றார். எவ்வளவு தூரம் போனது என்பதில்லை, எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுதானாம். நீங்கள் தமிழில் எனக்கு நான்கு கடிதத்தில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்து, தன் மகள் அழுதது தாமதத்துக்காக இல்லை, வேனில் பக்கத்துப் பிள்ளை அவள் பென்சில் பாக்ஸை உடைத்ததற்காக என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டதாகவும், அதைச் சொல்ல மறந்துவிட்டதாகவும் சொன்னார். மறந்துவிட்டாராம். நான் ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்காமல் இருக்கிறேன்.

உங்கள் மூன்று திருத்தங்களும் வந்துவிட்டன. கருணை போயிற்று, வருத்தம் போயிற்று. ‘சுற்றுவழியில் போனேன்’ என்று எழுதியாயிற்று. தவறாக வாசித்தவர்கள் என்ற இடத்தில் என் பெயரை முதலில் போட்டேன். பாலத்தைக் கண்டுபிடித்தவன் நான்தானே. இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

நேற்று மதியமே கோவிந்தனைக் கூப்பிட்டு, புதிய குறிப்பை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கி, தானே ஒரு முறை வாசித்தான். “இப்ப சரி சார்” என்றான். கீழே கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைத் திறந்து நீட்டினேன். அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பதினெட்டு. மூன்று இருபதுக்கு வேன் கிளம்ப வேண்டும். பேனாவை வாங்காமல் கொக்கியிலிருந்து வேன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

ஒரு மாதம், ஏழு கடிதம், ஒரு கமிட்டி, இரண்டு விசாரணை. எல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்காக. நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் மைதானத்தில் ஓடினேன், பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க. வேன் கிளம்பிவிட்டது. ஜன்னலைத் தட்டி, “கோவிந்தா, ஒரு நிமிஷம் நிறுத்துப்பா, கையெழுத்து!” என்றேன்.

அவன் நிறுத்தவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, “லேட்டானா அதுக்கும் ஒரு பேப்பரு போடுவீங்க சார்” என்று சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

ஃபிராங்க்ளின்